இறங்காத வில்

‘முடியட்டும் அன்ரி’ என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அந்தப் பெயர் ஸ்காபரோ முழுக்கப் பரவி, அவரைக் கண்டிராத பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சிரித்த காலத்தில், யார் வைத்த பெயரோ என்பதுபோல நானும் சேர்ந்து சிரித்தேன். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்கும் உரிமையை நான் இழந்து பல வருடங்களாகின்றன.

மல்வேர்னில் ஒரு மருந்துக் கடையில் அவருக்குக் கவுண்டர் வேலை. ஒரு நாள் காலை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கிழவர் தன் கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, மகளின் கலியாணம், மருமகனின் குணம், கொழும்பில் இருந்த வீடு என்று போய்க்கொண்டிருந்தார். வீக்கத்துக்கு அவர் இன்னும் திரும்பி வரவில்லை. பின்னால் வரிசை கதவுவரை நீண்டுவிட்டது.

“பிள்ளை, எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. அந்தக் குளிசையை ஒருக்கா எடுத்துத் தந்தா நான் போயிடுவன்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் தலைமயிரில் ஏற்றினார். கோபம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குரல் உயராது.

“அவர் சொல்லி முடியட்டும், மாஸ்டர்.”

“அவர் இண்டைக்கு முடிக்க மாட்டார்.”

“அப்ப நாளைக்கு முடியட்டும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் உப அதிபராக இருந்தவன் நான். இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். கடையில் நின்று சிரிப்புக்கு ஆளாகிப் பழக்கமில்லை. அன்று மாலை எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் அந்தக் கதையை நடித்துக் காட்டி, பெயரையும் சூட்டினேன். அப்படித்தான் தொடங்கியது.

அவரைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் சொல்ல முடியும். எதையும் நடுவில் வெட்டுவது அவருக்குப் பொறுக்காது. தொலைபேசியில் கம்பளம் துப்புரவாக்கித் தருகிறோம் என்று அழைப்பவனையும் கடைசி வரிவரை சொல்லவிட்டு, பிறகுதான் வேண்டாம் என்பார். “அவனும் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான், பாவம்” என்பார். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிலிப்பீனோக்காரர் தன் தாயின் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்ததால், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்புவரை போய், வேலைக்குப் பிந்தி, முகாமையாளரிடம் ஏச்சு வாங்கினார். முகாமையாளர் ஏசி முடிக்கும்வரையும் பொறுமையாக நின்றாராம்.

என்னிடம் ஒரு மணி இருந்தது. மேசையில் வைத்து உச்சியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் சிறிய பித்தளை மணி. சங்கத் தலைவர் என்ற முறையில் எந்த நிகழ்ச்சியென்றாலும் நான்தான் நிகழ்ச்சியை நடத்துவேன். பேச்சாளருக்கு ஒரு தட்டு எச்சரிக்கை, இரண்டாம் தட்டு முடிவு. டாக்டர், வழக்கறிஞர், கவிஞர் யாராக இருந்தாலும் இரண்டாம் தட்டுக்கு வாயை மூடத்தான் வேண்டும். உண்மையைச் சொன்னால், கனடாவுக்கு வந்த பிறகு எனக்கு மிஞ்சிய அதிகாரம் அந்த மணி மட்டுமே. மகன் வீட்டில் தொலைக்காட்சியை எந்தச் சனலில் வைப்பது என்பதுகூட என் கையில் இல்லை.

அந்த அதிகாரமும் அவரும் முதன்முதலில் மோதியது ஒரு சாவீட்டில். எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் கார் விபத்தில் போய்விட்டான். மார்க்கம் வீதிப் பக்கம் உள்ள ஒரு மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மண்டபம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் நமக்கு. பிறகு அடுத்த குடும்பம் வந்துவிடும். அதற்குள் அத்தனை சங்கத்தாரும் இரங்கலுரை வாசித்தாக வேண்டும். தாய் பெட்டியின் மேல் விழுந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். மைக்கில் பேசுகிறவரின் குரல் கேட்கவில்லை. நான் இரண்டு பெண்களுக்குக் கையைக் காட்டினேன், தாயைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போகும்படி.

பின்வரிசையில் இருந்து அவர் எழும்பி வந்தார். கண்ணாடி தலையில் இருந்தது.

“ஆர் ஆரை வெளியிலை கொண்டு போறது?”

“கொஞ்ச நேரம்தான் பிள்ளை. இன்னும் ஏழெட்டுப் பேர் பேச இருக்கினம்.”

“பேச வந்தவை வெளியிலை போகட்டும். பெத்தவ அழுது முடியட்டும்.”

தேர்தலில் நிற்கப் போகிறவர் ஒருவர் கையில் தாளோடு நின்றார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தாய் அழுதாள். மகன் பிறந்தது, பால் குடித்தது, முதல் சம்பளத்தில் சேலை வாங்கித் தந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். மலர்ச்சாலைக்காரன் கதவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எங்கள் சங்கத்தின் இரங்கலுரை வாசிக்கப்படவே இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்த இரண்டு பக்கத்துக்காக அவர்மேல் எனக்கு ஏற்பட்ட எரிச்சல் அன்றோடு போகவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. ஊரில் வயலின் படித்தவர். அகதியாக ஜெர்மனியில் சில வருடம் இருந்தபோது ஒரு தேவாலயத்தில் வியோலா பழகினார். வயலின் போலவே தோளில் வைத்து வாசிப்பதுதான்; உருவத்தில் சற்றுப் பெரிது, குரல் கட்டை. ரொறன்ரோவுக்கு வந்ததும் மூன்று வெள்ளைக்காரரோடு சேர்ந்து நரம்பிசை நால்வர் குழு ஒன்றில் வாசித்தார்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. செலோ வாசித்தவர் அயர்லாந்திலிருந்து வந்த பெண். சொந்தமாகவும் இசை எழுதுவார். நம் ஆட்கள் எல்லோரும் ‘வயலின்’ என்றே சொல்வார்கள். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

“வயலினை விட்டிட்டு ஏன் பிள்ளை உதுக்குப் போனனீர்?” என்று கேட்டேன்.

“மேலை நிண்டு பாடவும் கீழை நிண்டு உறுமவும் ஆக்கள் இருக்கினம், மாஸ்டர். நடுவிலை நிக்கத்தான் ஆளில்லை.”

போர் முடிவதற்கு முந்திய வருடம், எங்கள் சங்க ஆண்டு விழாவுக்கு அந்த நால்வரையும் அழைத்தோம். வெள்ளைக்காரர் மேடையில் இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்பது செயலாளரின் யோசனை. அவர்கள் இருநூறு வருடம் பழைய வியன்னா இசை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். நான்கு பகுதிகள் கொண்டது. ஒரு பகுதி முடிந்ததும் சற்று மௌனம், தாளைப் புரட்டுவார்கள், அடுத்த பகுதி. இது எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் பகுதி முடிந்து மௌனம் வந்ததும் கைதட்டல் எழுந்தது. பிரதம விருந்தினர் வேறொரு விழாவுக்குப் போக வேண்டும் என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொன்னாடைகளைத் தூக்கிக்கொண்டு மேடையேறினேன்.

செலோக்காரி பொன்னாடையைக் குளிருக்குத் தந்தது என்று நினைத்து முழங்காலில் விரித்துக்கொண்டார். சபை சிரித்தது. எங்கள் ஆள் மட்டும் வியோலாவைத் தோளில் இருந்து எடுக்கவில்லை.

“மாஸ்டர், இன்னும் முடியேல்லை.”

“தெரியும் பிள்ளை. சும்மா போர்த்துப்போட்டு விடுறன். பிறகு வாசியுங்கோ.”

பிறகு பிரதம விருந்தினர் பேசினார். அவர் பேசியதால் மற்றவரும் பேச வேண்டியதாயிற்று. கொத்துரொட்டி ஆறுகிறது என்று யாரோ அறிவித்தார்கள். மண்டபம் வெறுமையானது. நால்வரும் வாத்தியங்களோடு மேடையில் இருந்தார்கள், போகவும் தெரியாமல், தொடங்கவும் தெரியாமல்.

நான் தட்டோடு வரிசையில் நின்றபோது வந்தார்.

“மூண்டாம் பகுதியும் நாலாம் பகுதியும் எங்கை, மாஸ்டர்?”

“என்ன பிள்ளை கேக்கிறீர்?”

“நாலிலை ரெண்டு வாசிச்சம். மிச்சம் ரெண்டும் எங்கை? ஒருத்தன் சொல்ல வந்த கதையைப் பாதியிலை வெட்டிப்போட்டு நிண்டு சாப்பிடுறியள்.”

“அதை ஆர் பிள்ளை கவனிச்சது?”

“நான் கவனிச்சன்.”

என் மனைவி பக்கத்தில் நின்றாள். “அவ கேக்கிறது சரிதானே” என்றாள். நான் அவளை முறைத்தேன். அப்போது அவர் கோபத்தைச் சற்று இறக்கி, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு ஒன்று சொன்னார். வில்லைப் பிடித்திருந்த கையைத் தூக்கிக் காட்டினார்.

“உங்களுக்கு இசை தெரியத் தேவையில்லை. வில்லைப் பாருங்கோ. வில் இறங்கி மடிக்கு வந்தா முடிஞ்சுது. சத்தம் இல்லாட்டியும் வில் மேலை நிண்டா முடியேல்லை. இது ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ.”

ஞாபகம் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் என்னைக் காப்பாற்ற இடமில்லாமல் போவது அதனால்தான்.

அடுத்த வருடம் அந்த வசந்தம் வந்தது. அதைப் பற்றி அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறியாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. வன்னியில் ஒரு துண்டு கடற்கரையில் சனத்தை நெருக்கி வைத்துக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தினமும் நகரத்துக்குப் போய்த் தெருவோரங்களில் நின்றோம். குளிரில் குழந்தைகளை வண்டியில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மாலை ஏரிக்கரை விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். அடுத்த நாள் செய்தியில் எவ்வளவு நேரம் போக்குவரத்து தடைப்பட்டது என்பதைத்தான் முதலில் சொன்னார்கள். காரில் காத்திருந்து களைத்துப்போன ஒருவரின் பேட்டி வந்தது. செத்தவர்களைப் பற்றி ‘இரு தரப்பும் மறுக்கின்றன’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. என் கோபம் நியாயமானது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கோபத்தை எடுத்து நான் யாரை அடித்தேன் என்பதுதான் இங்கே கதை.

அவரும் மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்து வரிசையில் நின்றவர்தான். அவருடைய தங்கை வன்னியில் இருந்தார், ஆசிரியை. மாசி மாதம் ஒரு தடவை தொலைபேசி வந்தது. “அக்கா, நான் பிறகு” என்பது மட்டும் கேட்டது, தொடர்பு அறுந்தது. பிறகு எதுவும் வரவில்லை. இது கடைக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவரோடு இருந்த வயதான தாய் வீட்டில் யாரையும் அழவிடவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, “என்ரை பிள்ளை உயிரோடை நிக்கிறாள், இந்த வீட்டிலை ஒருத்தரும் மூக்குச் சீறக் கூடாது” என்று சொல்லிவிட்டார். நம் வழக்கத்தில் உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்தால் அது வாக்காகிப் பலித்துவிடும். இறந்தது நிச்சயமில்லாதவருக்கு எப்படி அழுவது? அதற்கு எங்களிடம் சடங்கு இல்லை.

வைகாசி மாதம், மருந்துக் கடைக் கண்ணாடியில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. நகர மத்தியில் ஒரு பழைய தேவாலயத்தில் நால்வர் குழுவின் கச்சேரி. வியன்னாவின் பழைய இசையும் அயர்லாந்தின் புதிய இசையும். படத்தில் நான்கு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நம் ஆள். எங்கள் எல்லா நிகழ்ச்சிகளையும் நிறுத்தியிருந்தோம். கலியாண வீடுகளில் மேளம் இல்லை, பிறந்தநாளுக்குக் கேக் இல்லை. போர் முடிந்துவிட்டதென்று இலங்கை அரசாங்கம் அறிவித்த அதே கிழமையில் கச்சேரி.

செயலாளரையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய அப்பார்ட்மென்ட்டுக்குப் போனேன். தாய் உள்ளறையில் இருந்தார். கதவு சற்றுத் திறந்திருந்தது.

“உந்தக் கச்சேரியை நிப்பாட்ட வேணும், பிள்ளை” என்றேன்.

“ஏன்?”

“சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை எங்கடை ஆள் ஒராள் வெள்ளைக்காரனுக்கு வாசிச்சுக் காட்டினா என்ன நினைப்பினம்?”

“கொண்டாட்டம் இல்லை, மாஸ்டர். கடைசி உருப்படி அந்த ஐரிஷ்காரி புதுசா எழுதினது. அங்கையும் சாவீட்டிலை பொம்பிளையள் ஒப்பாரி வைக்கிறவையாம், எங்களைப் போலை. அதை வைச்சு எழுதினது. கடைசியிலை எனக்குத் தனியத் தந்திருக்கிறா.”

“ஆருக்கு ஒப்பாரி?” என்று செயலாளர் கேட்டார்.

அவர் திறந்திருந்த கதவை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும் சொன்னேன், நல்ல சத்தமாக:

“உம்மடை தங்கச்சி அங்கை எப்பிடி நிக்கிறாளோ தெரியாது. இங்கை நீர் மேடையிலை இருந்து வாசிக்கப் போறீர்.”

கண்ணாடி தலைக்கு ஏறியது.

“சொல்லி முடிச்சிட்டியளோ, மாஸ்டர்?”

“ஓம்.”

“அப்ப போயிட்டு வாங்கோ.”

கச்சேரிக்குப் போனோம். சட்டையில் கறுப்புப் பட்டி குத்திக்கொண்டு ஐந்தாறு பேர். என் மனைவி தானும் வருகிறேன் என்று பிடிவாதமாக வந்தாள். கல்லால் கட்டிய தேவாலயம். நிறக் கண்ணாடி வழியாக மாலை வெயில் விழுந்தது. நரைத்த தலை வெள்ளைக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். நாங்கள் பின்னால் இருந்தோம். என் கோட்டுப் பையில் அந்த மணி இருந்தது.

முதலில் வியன்னா இசை. நான்கு பகுதியும் வாசித்தார்கள். பிறகு அயர்லாந்தின் புதிய உருப்படிகளில் ஒன்று, காலால் தட்டத் தோன்றும் துள்ளல் இசை. முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார்.

“பாருங்கோ மாஸ்டர், ஆட்டப் பாட்டு” என்றார் செயலாளர். எனக்குக் காது சுட்டது.

பிறகு கடைசி உருப்படி. இரண்டு வயலினும் மிக மெல்லிய ஒரே சுரத்தைப் பிடித்தன. செலோ அடியில் மூச்சு வாங்குவதுபோல இழுத்தது. வியோலா வந்து, போய், மறுபடி வந்தது. யாரோ அழத் தொடங்கி, யாரும் கேட்டுவிடுவார்களோ என்று அடக்குவதுபோல. எனக்கு அது என்னவென்று விளங்கியது. விளங்கவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய். ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. மற்ற மூவரும் வில்லை மடியில் வைத்தார்கள். தேவாலயம் முழுக்க மௌனம்.

அவருடைய வில் இறங்கவில்லை. நரம்புக்குச் சற்று மேலே காற்றில் நின்றது. நான் பார்த்தேன். அது எதைக் குறிக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவரேதான்.

எழும்பி நின்று மணியைத் தட்டினேன். இரண்டாம் தட்டும் தட்டினேன்.

பிறகு பேசினேன். இலக்கணப் பிழையில்லாத நல்ல ஆங்கிலத்தில். எங்கள் மக்கள் கொல்லப்படுகிறார்கள், உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, எங்களில் ஒருத்தி உங்களை மகிழ்விக்க இங்கே அமர்ந்திருக்கிறாள் என்றேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தில் கோபம் இல்லை, கவனமாகக் கேட்டார்கள். நான் பேசிய நேரம் முழுக்க அந்த வில் அங்கேயே நின்றது. என்னையும் பேசி முடிக்க விட்டார்.

முடித்ததும் என்னோடு வந்தவர்கள் கோஷம் எழுப்பினார்கள். அப்போது நடந்ததை இன்றும் எண்ணிப் பார்க்க முடியவில்லை. சபை கைதட்டியது. புதிய இசையல்லவா; மணி, பேச்சு, கோஷம் எல்லாம் அதில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். நடைவழியில் இருந்த ஒரு கனவான் என் கையைப் பிடித்துக் குலுக்கி, மனதை உருக்கிவிட்டீர்கள் என்றார். நான் ‘தாங்க் யூ’ சொன்னேன். பழக்கதோஷம்.

வெளியே வந்து படியில் நின்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். மனைவி எங்களோடு வெளியே வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

“எங்கை போனனீர்?”

“நான் ஒரு இடமும் போகேல்லை. இருந்தன். மணியை அடிச்சியளே, பள்ளிக்கூடமே அது?”

“பிறகு வாசிச்சவவோ?”

“எங்கை வாசிக்கிறது? அந்த ஐரிஷ்காரி எழும்பிச் சனத்துக்குச் சொன்னவ. மிச்சம் இருக்கிறது தங்கச்சிக்காம். இருக்கிறாளோ இல்லையோ எண்டு தெரியாத தங்கச்சிக்கு. அதாலை அதிலை ஒரு சொல்லும் இல்லையாம், சொல்லில்லாட்டி வாக்காகாதாம். தாய்க்கு முன்னாலை அழ ஏலாமல் இங்கை வந்து அழப் பாத்தவ. நீங்கள் போய் மணி அடிச்சிட்டு வந்து நிக்கிறியள்.”

“பிறகு?”

“பிறகென்ன பிறகு. திருப்பித் தூக்கினவ. வில்லு நரம்பிலை படேல்லை. அப்பிடியே இருந்தா. பிறகு மற்றவை மூண்டு பேரும் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போச்சினம். அப்பவாவது சனம் கை தட்டேல்லை.”

காரில் ஒருவரும் பேசவில்லை என்று எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன். உண்மையில் செயலாளர் பேசிக்கொண்டே வந்தார், நானும் பதில் சொன்னேன். அந்த வாரம் தமிழ் வானொலியில் என்னைப் பேட்டி கண்டார்கள். மனைவி சொன்னதைக் கேட்ட பிறகும், உண்மை தெரிந்த பிறகும், நான் கலையின் பெயரால் நடக்கும் துரோகம் பற்றிப் பேசினேன். துரோகம் என்ற சொல்லை நான்தான் முதலில் சொன்னேன். அழைத்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மருந்துக் கடையில் நம் ஆட்கள் அடுத்த கவுண்டருக்குப் போய் நின்றார்கள். கால் வீக்கக் கிழவரும் போனார். அவர் தன் கதையை அந்தக் கவுண்டரில் தொடங்கியதும் மருந்துப் பையைக் கையில் கொடுத்து ‘நெக்ஸ்ட்’ என்றார்களாம்.

இப்போது சங்கம் அவருக்கு ‘இசைச் செம்மல்’ பட்டம் கொடுக்கப் போகிறது. அவர் இங்கே இல்லை. தாயைக் கூட்டிக்கொண்டு மேற்கே எங்கோ போய்விட்டார். அழைப்புக்குப் பதிலும் வரவில்லை. ஆனாலும் விழா மலர் வெளியிட வேண்டுமாம். புதிய செயலாளர் போன மாதம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“உங்களுக்குத்தான் அவவை வடிவாத் தெரியும், மாஸ்டர். ஒரு சொற்சித்திரம் எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம். அந்த 2009 விசயம் மட்டும் வேண்டாம். பழைய கதைதானே, ஆருக்குப் பிரயோசனம்?”

“தலைப்பு என்ன போடப் போறியள்?”

“வயலின் மேதை.”

எனக்கு வந்த கோபத்துக்குத் தொலைபேசியை எறிந்திருப்பேன். அவருடைய அழுகையை வெட்டினோம், இப்போது அவரைப் பற்றிய கதையையும் நடுவில் வெட்டி, பொன்னாடை போர்த்து, கொத்துரொட்டி தின்னப் போகிறோம். வாத்தியத்தின் பெயர்கூடச் சரியில்லை. மலருக்கு நான் எழுத மாட்டேன் என்றேன். இதை எழுதுகிறேன். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

கச்சேரி நடந்த அதே வருடம் இலை உதிரும் காலத்தில் அவருடைய அப்பார்ட்மென்ட்டுக்குத் தனியாகப் போனேன். போருக்குப் பிறகு சனத்தை அடைத்து வைத்த முகாம்களில் இருந்து தப்பி வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தும் தங்கையைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே தாய் இருந்தார். லிப்டுக்கு முன்னால் நின்றோம்.

நான் சொல்லத் தொடங்கினேன். மணியைப் பற்றி, வில்லைப் பற்றி, விளங்கியும் விளங்காததுபோல நடித்ததைப் பற்றி. வானொலியைப் பற்றி. இரங்கலுரையின் இரண்டு பக்கத்தைப் பற்றிக்கூட. லிப்ட் வந்தது, கதவு திறந்தது, யாரோ மரக்கறிப் பைகளோடு இறங்கினார்கள், கதவு மூடியது. நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன். நான் நடுவில் நிறுத்தியபோதும் அவர் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. காத்திருந்தார். மறுபடி தொடங்கினேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

“முடிஞ்சுதோ, மாஸ்டர்?”

“ஓம், பிள்ளை.”

“உங்கடை முடிஞ்சுது. என்ரை அங்கை நடுவிலை நிக்குது. திருப்பி வாசிக்க ஏலாது. எத்தினை தரம் தூக்கிப் பாத்திட்டன், மணிச் சத்தம்தான் கேக்குது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் லிப்ட் பொத்தானை அழுத்தினார். லிப்ட் வந்தது. நான் ஏறித் திரும்பி நின்றேன். அவர் திரும்பிப் போகவில்லை. கதவின் இரண்டு பக்கமும் வந்து முழுதாகச் சேரும்வரை அங்கேயே நின்றார். அதையும் பாதியில் விட்டுப் போகவில்லை.